வழுக்கிய பிறகும் ஏன் திருப்புகிறோம்?

"விடாமுயற்சி வேணும்!"

இந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. எஸ்.பி.எம். பரீட்சைக்கு முன்னால் ஆசிரியர் சொன்னார். தேவார வகுப்பில் சொன்னார்கள். காற்பந்துத் திடலில் சொன்னார்கள். கிளைக் கூட்டத்தில் நானே மைக்கைப் பிடித்துக்கொண்டு தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் விடாமுயற்சி எந்த இடத்தில் பிடிவாதமாக மாறுகிறது? இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நகக்கண் அளவு உள்ள ஒரு ஸ்க்ரூ எனக்குச் சொல்லித் தந்தது. அந்தப் பாடத்தில் கொஞ்சம் வெட்கப்படும் விஷயமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாள் கேமரன் மலை

மறுநாள் விடியற்காலை தம்பி தன் கூட்டாளிகளோடு மோட்டாரில் கேமரன் மலைக்குப் போவதாக இருந்தான். தாப்பா வழியாக ஏறி, சாயங்காலம் அதே வழியாக இறங்குவது திட்டம். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வளைவுக்குப் பின் வளைவு. இறங்கும்போது கை பிரேக்கை விட்டு நகரவே நகராது.

"அண்ணே, முன் பிரேக்க புடிச்சா கொஞ்சம் சொதசொதன்னு இருக்குண்ணே."

"கவலப்படாத. பிரேக் ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சு. நான் மாத்தி வெச்சிடறேன்."

எங்கள் வீட்டில் இருப்பது ஜப்பானிய கப்சாய். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். அதற்கான ஆயில், ஹேண்டிலின் வலது பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் இருக்கும். இந்த ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த ஆயிலுக்கோ விதி 155 டிகிரிதான் கேட்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி, உள்ளே ஆயில் கொதித்து ஆவியானால், லிவரைப் பிடித்தாலும் அது வெறும் ஆவியைத்தான் அமுக்கும். சக்கரம் நிற்காது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றச் சொல்கிறார்கள்.

சின்ன வேலைதான். டப்பாவின் மூடியில் இரண்டே ஸ்க்ரூ. தலையில் கூட்டல் குறி போட்ட, மூடியோடு சமமாக உட்காரும் ஸ்க்ரூ. வீட்டு லாச்சியில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். வலது ஸ்க்ரூ முனகிக்கொண்டே கழன்றது. இடது ஸ்க்ரூவில் வைத்துத் திருப்பினேன். "கிரக்!" டிரைவர் மேலே ஏறி வெளியே வந்துவிட்டது.

அந்தச் சத்தம் மோட்டாரில் கை வைத்த எல்லாருக்கும் தெரியும். பல்லில் மணல் கடித்த மாதிரி இருக்கும். எனக்கும் தெரிந்தது. இருந்தும் மறுபடி வைத்துத் திருப்பினேன். கிரக். இன்னும் பலமாக. கிரக். பல்லைக் கடித்துக்கொண்டு. கிரக். தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "யூடியூப்ல பார்ப்போமாண்ணே?" என்றான். "எனக்குத் தெரியும், நீ போ" என்றேன். கிரக்.

அவன் உள்ளே போன பிறகு குனிந்து பார்த்தேன். கூட்டல் குறி போய், ஒரு வட்டக் குழி மட்டும் பளபளவென்று இருந்தது.

சொல்லக் கூடாத யோசனை

இப்போது வெட்கப்படும் பகுதி. அப்பாவிடமோ தம்பியிடமோ இதுவரை இதை நான் சொன்னதில்லை. இந்தப் பத்திரிகையை இருவரும் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

வட்டக் குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. வலது ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டுவிடலாம். மூடியைத் துணியால் துடைத்துவிட்டு, "மாத்தியாச்சுடா" என்று சொல்லிவிடலாம். பழைய ஆயில்தான் இருக்கும். ஆனால் நேற்றுவரை அதே ஆயிலில்தானே ஓட்டினான்? ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாது.

ஒரு நிமிடம் இல்லை, நாலைந்து நிமிடம் அந்த யோசனையோடு இருந்தேன். அந்தப் பொய்யை எந்தக் குரலில் சொல்வது என்றுகூட மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த நேரத்தில் அப்பா கடையிலிருந்து வந்தார்.

அப்பா செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எத்தனாவது தடவ வழுக்குனப்ப நிறுத்துன?"

"தெரியலப்பா. ஆறேழு இருக்கும்."

"மொதத் தடவ வழுக்குனது ஒனக்குத் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"அப்பறம் எதுக்குத் திருப்புன?"

என்னிடம் பதில் இல்லை. அப்பாவும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கருவிப் பெட்டியை எடுத்து வர உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

எதுக்குத் திருப்புன?

யோசித்துப் பார்த்தேன். ஸ்க்ரூ கழல வேண்டும் என்பதற்காகவா ஆறு தடவை திருப்பினேன்? முதல் இரண்டு தடவை வேண்டுமானால் அப்படி இருக்கலாம். அதற்குப் பிறகு என் கண் ஸ்க்ரூ மேலேயே இல்லை. தம்பி பார்க்கிறான் என்பதில் இருந்தது. "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேனே என்பதில் இருந்தது. நாலு மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதில் இருந்தது. கை மட்டும்தான் ஸ்க்ரூவில் இருந்தது.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் விஷயம் புரியும். டிரைவரின் முனை வழுக்கி ஏறும்போது சும்மா ஏறுவதில்லை. கூட்டல் குறியின் சுவரைச் சீவிக்கொண்டு ஏறுகிறது. ஒவ்வொரு தடவையும் சுவர் கொஞ்சம் குறைகிறது. ஆக, இரண்டாவது முயற்சி முதல் முயற்சியைவிடக் கடினம். மூன்றாவது இன்னும் கடினம். பலம் கூடக் கூடப் பிடிமானம் குறைகிறது. என் முயற்சிதான் என் வழியை அழித்துக்கொண்டிருந்தது.

விடாமுயற்சிக்கும் பிடிவாதத்துக்கும் நடுவில் உள்ள கோடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எத்தனை தடவை முயன்றோம் என்பதில் அந்தக் கோடு இல்லை. எவ்வளவு வியர்த்தோம் என்பதிலும் இல்லை. நம் முயற்சி அடுத்த முயற்சிக்கு இடம் வைக்கிறதா, இல்லை அந்த இடத்தையே தேய்க்கிறதா என்பதில் இருக்கிறது. ஒரு கணக்கைப் பத்து தடவை போட்டுப் பார்க்கிற மாணவனுக்கு ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று தெரிய வருகிறது. அது விடாமுயற்சி. நான் ஆறு தடவை திருப்பினேன். ஆறு தடவையும் எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. ஏனென்றால் நான் எதையும் மாற்றவில்லை, பலத்தைத் தவிர.

சரி, அப்படியானால் வழுக்கியதும் விட்டுவிட வேண்டுமா? அதுவும் இல்லை. விட்டுவிடுவது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்தவன் நான்தான். பிடிவாதமும் கைகழுவுவதும் எதிரெதிர் குணங்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு ஒரே மத்தியானத்தில், ஒரே ஆளிடம், பத்து நிமிட இடைவெளியில் இரண்டும் வந்தன. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். திருப்பிக்கொண்டே இருந்தபோது நான் காப்பாற்றியது என் பெயரை. "மாத்தியாச்சு" என்று சொல்ல நினைத்தபோதும் காப்பாற்ற நினைத்தது என் பெயரைத்தான். மலை இறங்கப் போகும் தம்பி இரண்டு இடத்திலும் இல்லை.

கர்மயோகத்தைப் பற்றி வகுப்பில் பேசும்போது "பலனில் பற்று வைக்காதே" என்றால் அக்கறையில்லாமல் இருப்பதா என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. நானும் கேட்டிருக்கிறேன். இப்போது எனக்குப் புரிவது இதுதான்: பற்றை விடுவது என்றால் வேலையை விடுவது ஆகாது. வேலைக்கும் எனக்கும் நடுவில் வந்து நிற்கிற "நான்" என்பதை ஒதுக்கி வைப்பது. அது ஒதுங்கினால்தான் ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியும்.

அப்பா செய்தது

அப்பா தன் பெட்டியிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். என்னுடையதையும் அதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

"இது பிலிப்ஸ். அது ஜப்பான் அளவு. கழட்டுனியே, அந்த ஸ்க்ரூ தலையப் பாரு. ஓரத்துல சின்னதா ஒரு புள்ளி இருக்கா?"

இருந்தது. ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தர அளவில் செய்த கூட்டல் தலை ஸ்க்ரூக்களில் பெரும்பாலும் இந்த ஒற்றைப் புள்ளியைப் பார்க்கலாம். பிலிப்ஸ் முனை அந்தக் குழியில் அடிவரை இறங்கி உட்காராது. மேலோடு நின்றுகொள்ளும். பலமாகத் திருப்பினால் ஏறி வழுக்கும். போதாததற்கு என் டிரைவர் முனை தேய்ந்தும் இருந்தது. முதல் "கிரக்" கேட்டதும் நிறுத்தி, சரியான டிரைவரைத் தேடியிருந்தால், அந்த ஸ்க்ரூ அன்றைக்கே முழுசாகக் கழன்றிருக்கும். ஆறாவது தடவைக்குப் பிறகு, சரியான டிரைவர் கிடைத்தும் பிடிக்க அதற்கு இடமில்லை.

அப்பா அவசரப்படவில்லை. ஊசியால் குழியில் இருந்த அழுக்கையும் இரும்புச் சீவலையும் எடுத்தார். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். "போய்க் குளிச்சிட்டு, சாமிக்கு வெளக்கு ஏத்திட்டு வா" என்றார். ஆறு மணிக்கு நேரமாகிறதே என்று நான் துடித்தேன். எண்ணெய் ஊற வேண்டிய நேரத்தை நம் அவசரம் குறைக்காது.

விளக்கேற்றிவிட்டு வந்தோம். டிரைவரைக் குழியில் நேராக நிறுத்தி, சின்னச் சுத்தியலால் இரண்டு மெல்லிய தட்டு. பிறகு, திருப்பும் பலத்தைவிட அழுத்தும் பலம் அதிகமாக இருக்கும்படி மெதுவாகத் திருப்பினார். அது அசையவில்லை. ஒரு முறை லேசாக வழுக்கியது. அப்பா உடனே கையை எடுத்துவிட்டார். ஒரே முறைதான்.

"இம்பேக்ட் டிரைவர் வெச்சு அடிச்சா வந்துடும்லப்பா?" என்று கேட்டேன். சுத்தியலால் அடித்தால் அழுத்திக்கொண்டே திரும்பும் கருவி அது.

"இன்ஜின் மூடின்னா அதத்தான் எடுப்பேன். இது ஹேண்டில்ல தொங்குற அலுமினிய டப்பா. ஓங்கி அடிச்சா டப்பா வெடிச்சிடும். ஸ்க்ரூ பெருசா, டப்பா பெருசா?"

வாள் வைத்துத் தலையில் ஒரு கோடு அறுத்து, தட்டை டிரைவரால் திருப்புவது இன்னொரு வழி. தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது நல்ல வழி. இங்கே தலை மூடியோடு சமமாக உட்கார்ந்திருந்ததால் மூடியும் சேர்ந்து அறுபடும். கடைசியில் அப்பா டிரில்லை எடுத்தார். மூடியைச் சுற்றித் துணி கட்டினார். ஸ்க்ரூவின் தண்டைவிடச் சற்றே பெரிய டிரில் பிட். நான் தேய்த்து வைத்த வட்டக் குழியே பிட் நடுவில் உட்கார வழிகாட்டியது. மெதுவான வேகம். கொஞ்ச நேரத்தில் தலை மட்டும் தனியாகக் கழன்று, மோதிரம் மாதிரி பிட்டில் சுற்றிக்கொண்டு வந்தது.

மூடியைத் தூக்கினார். கீழே உள்ள ரப்பர் தடுப்பு ஆயிலை மூடியிருந்ததால் இரும்புத் தூள் உள்ளே விழவில்லை. தலையில்லாத தண்டு சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றது. அதை இடுக்கியால் பிடித்து என்னைத் திருப்பச் சொன்னார். முழுப் பலத்தையும் திரட்டினேன். தேவையே இல்லை. கால் சுற்றுக்குப் பிறகு விரலாலேயே கழற்ற முடிந்தது.

"இவ்ளோதானா?" என்றேன்.

"மரையில ஒண்ணுமே இல்லடா. தலதான் மூடிய இறுக்கிப் புடிச்சிக்கிட்டு இருந்துச்சு. தலக்கனம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஸ்க்ரூவைத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம்.

யார் இறுக்கியது?

எனக்கு ஒரு கோபம் மிச்சம் இருந்தது. "எந்தப் பட்டறைக்காரன்பா இப்படி இறுக்குனான்? இந்த மூடிக்கு இவ்ளோ இறுக்கம் எதுக்கு?" உண்மையில் அந்த மூடிக்கு இறுக்கம் தேவையே இல்லை. பிரேக் பிடிக்கும்போது வரும் அழுத்தம் அந்த டப்பாவுக்கு வருவதில்லை. ரப்பர் தடுப்பு ஒழுங்காக உட்கார்ந்தால் போதும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கடைசியாக இந்த மூடியைப் பூட்டியது எந்தப் பட்டறைக்காரனும் இல்லை. நான்தான். பூட்டி முடித்த பிறகும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு இழுப்பு இழுத்தேன். இரும்பு ஸ்க்ரூ, அலுமினிய டப்பா, நம் ஊர் மழை, வாரம் ஒரு முறை மோட்டார் கழுவும் தண்ணீர். மிச்சத்தை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டது.

வினை என்றால் போன பிறவிக் கணக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சில வினைகள் இரண்டு வருடத்தில், அதே ஹேண்டிலில், அதே கைக்குத் திரும்பி வருகின்றன. எனக்கு வந்தது நல்லது. வேறு ஒருவர் கைக்குப் போயிருந்தால் அவர் என்னைத் திட்டியிருப்பார், எனக்குத் தெரிந்திருக்காது.

அதனால் புது ஸ்க்ரூ பூட்டும்போது அப்பா சொன்ன மாதிரி செய்தேன். சீனத் தவுக்கேயின் ஹார்ட்வேர் கடை அடைக்கிற நேரத்தில் ஓடிப்போய் அதே அளவில் இரண்டு வாங்கி வந்தோம். மரையில் துளி கிரீஸ். டிரைவரை இரண்டு விரலால் பிடித்து, நின்ற இடத்தில் நிறுத்தம். அடுத்து கழற்றப் போகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு இது நாம் செய்கிற மரியாதை. அவரை நாம் பார்க்கப் போவதில்லை. அவர் நமக்கு நன்றி சொல்லப் போவதும் இல்லை.

பழைய ஆயில் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. புது ஆயில் ஊற்றி, காற்றெடுத்து முடிக்க மணி பத்தரை. லிவர் கல் மாதிரி நின்றது.

கிரக் என்ற சத்தம்

ஆயுத பூஜைக்கு மோட்டாரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். கருவிகளையும் சாமி முன்னால் வைக்கிறோம். பிறகு வருடம் முழுக்க தேய்ந்த டிரைவரால் அதே மோட்டாரின் தலையைச் சீவுகிறோம். பூஜை தப்பு என்று சொல்லவில்லை. சந்தனம் வைத்த கை, ஸ்க்ரூ சொல்வதையும் கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

தடை நீங்க நாம் முதலில் கும்பிடுவது பிள்ளையாரை. அவர் கையில் உள்ள அங்குசத்தைக் கவனித்திருக்கிறீர்களா? யானையை நடத்துகிற கருவி அது. யானையோடு ஒப்பிட்டால் ஒரு குச்சி. யானையைப் பலத்தால் யாரும் தள்ள முடியாது. சரியான இடத்தில், சரியான அளவில் தொட்டால் அது நகரும். விக்கினம் தீர்க்கிற சாமியின் கையில் சம்மட்டி இல்லை, அங்குசம் இருக்கிறது. எனக்கு இது இப்போதுதான் உறைக்கிறது.

இதை எழுதக் காரணம் மோட்டார் மட்டும் இல்லை. நம் கிளைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரு பையன் திடீரென்று வருவதை நிறுத்தினான். முதலில் போன் செய்தோம். "வேல இருக்குண்ணே" என்றான். அதுதான் முதல் கிரக். நான் அதைக் கேட்கவில்லை. மறுபடி போன், வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லிக் கேள்வி, "பொறுப்பு வேணும்" என்று எல்லார் முன்னாலும் ஒரு அறிவுரை. ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை, இன்னும் பலமாக. கடைசியில் அவன் குழுவை விட்டே வெளியேறினான். "எவ்வளவோ முயற்சி பண்ணிட்டோம்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு நாங்கள் கையைக் கழுவினோம். ஏன் வரவில்லை என்று ஒரு தடவைகூட அவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து கேட்கவில்லை. முயற்சி நிறைய செய்தோம். எதையும் மாற்றிப் பார்க்கவில்லை, குரலைத் தவிர.

ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்க்ரூ கெட்டால் டிரில் போடலாம், கடையில் இன்னொன்று வாங்கலாம். மனுஷனுக்கு அந்த வழி இல்லை. அதனால் மனுஷரிடம் முதல் சத்தத்திலேயே நிற்கப் பழக வேண்டும்.

தம்பி ஞாயிறு இரவு திரும்பி வந்தான். கேமரனில் குளிர், ஸ்ட்ராபெரி, ஒருவனுக்கு டயர் பஞ்சர் என்று எல்லாம் பேசினான். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல பிரேக்கைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அவன் தூங்கின பிறகு, தலை வேறு தண்டு வேறாகப் போன அந்த ஸ்க்ரூவைக் குப்பையில் போடப் போனேன். போடவில்லை. அப்பாவின் கருவிப் பெட்டியில் ஒரு மூலையில் போட்டு வைத்தேன். அடுத்த முறை கை சூடேறும்போது பெட்டியைத் திறந்தால் அது கண்ணில் படும். அப்பாவின் கேள்வியும் கேட்கும்: "மொதத் தடவ வழுக்குனது ஒனக்குத் தெரிஞ்சுச்சா?"